சல்லடை இல்லை, ஒட்டடை

போகிக்காகப் பரணை ஒழித்த மதுரை வாசகி ஒருவர், அங்கே அகப்பட்ட அட்டைப்பெட்டி ஒன்றைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். போன வருடம் வாங்கிய வாக்குவம் கிளீனரின் பெட்டி அது. ‘ஹெப்பா ஃபில்டர்: 0.3 மைக்ரான் வரை 99.97 சதவீதம் தூசியைப் பிடிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம். “அப்படியானால் அதைவிடப் பொடித் தூசி எல்லாம் தப்பித்துவிடும்தானே? முன்னால் இழுத்துப் பின்னால் ஊதவா இவ்வளவு விலை?” என்பது முதல் கேள்வி. இரண்டாவது பாதி கேள்வி, பாதி புகார்: “ஒரே வருடத்தில் இழுப்பு குறைந்துவிட்டது. ஃபில்டரைக் கழுவலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.”

விளம்பர வாசகத்தைச் சந்தேகிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தச் சந்தேகத்துக்குள் ஒரு மாவுச் சல்லடை உட்கார்ந்திருக்கிறது. ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது விழும் என்ற சமையலறைப் பாடம். கொரோனா காலத்தில் ‘வைரஸ் 0.1 மைக்ரான்தான், மாஸ்க்கின் ஓட்டை அதைவிடப் பெரிது, பிறகெதற்கு மாஸ்க்?’ என்று வாட்ஸப்பில் சுற்றியதும் இதே சல்லடைதான். நடப்பதோ வேறு. 0.3 மைக்ரானைவிடப் பெரிய தூசியை அந்த ஃபில்டர் எளிதாகப் பிடிக்கும். சிறிய தூசியையும் எளிதாகப் பிடிக்கும். நடுவில் இருக்கும் அந்த 0.3தான் அதற்குக் கண்டம்.

நம்ப முடியாவிட்டால் ஜன்னல் கொசுவலையைப் பாருங்கள். அதன் கண்ணி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதில் அப்பியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் பத்து, இருபது மைக்ரான். தேர் போகிற வாசலில் எலுமிச்சம்பழம் மாட்டிக்கொண்ட கதை. தாராளமாக வழி இருந்தும் தூசி ஏன் வலையில் தங்கியது? மூலையில் தொங்கும் ஒட்டடை இன்னும் மோசம். ஈ நுழையும் அளவுக்குச் சந்து விட்ட நூல்கள், ஆனால் ஒவ்வொரு நூலும் கரிக்கயிறுபோலத் தடித்திருக்கும். தூசி சந்தில் அடைபட்டு நிற்கவில்லை. நூலைத் தொட்டது, ஒட்டிக்கொண்டது.

ஹெப்பா ஃபில்டர் இந்த ஒட்டடையின் வசதியான உறவினர். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு மைக்ரானுக்கு முன்பின் தடிமனுள்ள இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். பனங்காட்டில் புயலடித்து ஓய்ந்ததுபோல. இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் சில மைக்ரான் அகலம், பிடிபடும் தூசியைவிடப் பல மடங்கு பெரியவை. இவ்வளவு பொடிசான துகள் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டால், மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள வான் டெர் வால்ஸ் ஈர்ப்பே அதைப் பிடித்து வைக்கப் போதும். ஆகவே ஃபில்டருக்குள் நுழைந்த தூசியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நீ இழையைத் தொடுவாயா, மாட்டாயா?

இனி ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நுழைந்து உஸ்மான் ரோட்டுப் பக்கம் வெளியேற வேண்டும். கூட்டம்தான் காற்று, கடைகள்தான் இழைகள். ஒரு கடையைத் தொட்டால் ஒட்டிக்கொள்வீர்கள், வெளியேற முடியாது. அந்தத் தெருவை அறிந்தவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

முதலில் தலையில் துணி மூட்டையோடு ‘ஓரம், ஓரம்’ என்று வேகமாக வருகிறார் ஒருவர். துருத்திக்கொண்டிருக்கும் கடையைச் சுற்றிக் கூட்டம் வளைகிறது. மூட்டைக்காரரால் வளைய முடியாது. வந்த வேகத்தில் நேரே போய்க் கடையில் மோதுகிறார். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட கனத்த தூசிகளின் கதி இதுதான். காற்று இழையைச் சுற்றி வளையும்போது, கூடவே வளைய அவற்றின் நிலைமம் விடுவதில்லை. அடுத்து, இரண்டு தோளிலும் பை மாட்டியவர். கூட்டத்தோடு கூட்டமாக ஒழுங்காகத்தான் வளைகிறார். ஆனால் உடம்பின் அகலம் காட்டிக்கொடுக்கிறது. பையின் காது, வெளியே தொங்கும் சுடிதாரில் மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது, அம்மாவின் கையை உதறிய ஐந்து வயதுப் பையன். கூட்டம் இடித்தால் இந்தப் பக்கம் பொம்மைக் கடை, திருப்பி இடித்தால் அந்தப் பக்கம் பலூன் கடை. முன்னால் போவதைவிடப் பக்கவாட்டில் போவதே அதிகம். தெருக்கோடி வரைக்கும் எதையும் தொடாமல் அவன் போய்ச்சேர வாய்ப்பே இல்லை.

இந்தப் பையன்தான் கட்டுரையின் நாயகன். தூசி சிறியதாக ஆக, அதை நாற்புறமும் இடிக்கும் காற்று மூலக்கூறுகளின் அடிகள் சமன்படாமல் போகின்றன. இடது பக்கம் ஓர் அடி கூடினால் வலது பக்கம் எகிறும். பள்ளியில் படித்த பிரௌனியன் இயக்கம்தான். ஒரு மைக்ரான் துகளை இந்த இடிபாடு ஒரு விநாடியில் சுமார் 7 மைக்ரான் நகர்த்தும். 0.1 மைக்ரான் துகளை 37 மைக்ரான். 0.01 என்றால் 300 மைக்ரானுக்கும் மேல். ஃபில்டர் காகிதத்தைக் கடக்கும் நேரம் விநாடியில் ஒரு துளிதான் என்றாலும், சில மைக்ரான் சந்தைத் தாண்டிப் பக்கத்து இழையில் போய் முட்ட அது போதும். சின்னது தப்பிக்கும் என்று நாம் நினைத்தோம். சின்னதால் நேராகப் போகவே முடியாது.

இந்த மூன்று வகையிலும் சேராத ஒருவர் உண்டு. என் அத்தை. மூட்டைக்காரரைப்போல வேகமும் கனமும் இல்லாததால் கூட்டம் வளைந்தால் வளைவார். ஒடிசலானவர், கைப்பையை மார்போடு அணைத்திருப்பார், எதிலும் உரச மாட்டார். யாராவது இடித்தால் பையனைப்போலத் தூக்கி எறியப்படவும் மாட்டார். ஒரு கடையையும் தொடாமல் உஸ்மான் ரோட்டுக்கு வந்து, ‘என்னடா கூட்டம், ஒண்ணுமே வாங்க முடியலே’ என்பார். அத்தைதான் 0.3 மைக்ரான். காற்றின் வேகத்தையும் இழையின் தடிமனையும் பொறுத்து அத்தையின் அளவு 0.1 முதல் 0.3 வரை மாறலாம், குணம் மாறாது.

ஆக, 99.97 சதவீதம் என்பது அத்தைக்கு வைத்த பரீட்சை. பத்தாயிரம் அத்தைகள் நுழைந்தால் மூன்று பேர் தப்பிப்பார்கள். மூட்டைக்காரர்களும் பையன்களும் அந்த அளவுக்குக்கூடத் தப்ப மாட்டார்கள். ‘0.3 வரை’ என்று அச்சடிக்கும் விளம்பரக்காரர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே மட்டம் தட்டுகிறார்கள். விளம்பர உலகில் அறியாமையால் விளைந்த அபூர்வமான அடக்கம்.

இந்த அத்தை ஃபில்டருக்கு மட்டும் டிமிக்கி கொடுப்பவரல்ல. விழும் மழைத்துளியும் காற்றைக் கழுவுகிற ஒருவகை இழைதான். பெரிய தூசியையும் மிகப் பொடித் தூசியையும் அது பிடித்துக்கொண்டு இறங்கும். 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளது நழுவிவிடும். நம் நுரையீரலிலும் மிகக் குறைவாகப் படிவது 0.3 முதல் 0.5 மைக்ரான் அளவுதான். இழுத்ததில் பெரும்பகுதி மூச்சோடு திரும்பிப் போய்விடுகிறது (தங்குகிற மிச்சமே தீங்குக்குப் போதும், நிம்மதி வேண்டாம்). தரையிலும் விழாமல், எதிலும் ஒட்டாமல் நாள்கணக்கில் காற்றில் உலவுவது இந்த ரகம்தான். போகியன்று நாம் எரித்து எழுப்பும் புகையில் எடையளவில் அதிகம் இருப்பதும் இதே ரகம். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடந்தோறும் கேட்டுக்கொள்கிறது. வீட்டுக்குள் தூசி தட்டிவிட்டு, எந்த வலையிலும் சிக்காத தூசியை வாசலில் உற்பத்தி செய்வது நம் சுத்தத்தின் தனிச்சிறப்பு.

வரலாறு இல்லாமல் கட்டுரை அச்சுக்குப் போகாது என்பதால் ஒரு பத்தி. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவகத்து நாற்காலியின் மெத்தையில் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டை அழுக்கானது, யோசனை பலித்தது. 1908இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் ஒரு கட்டடத் துப்புரவுப் பணியாளர், ஆஸ்துமாக்காரர். அவருக்கு ஃபில்டராக அமைந்தது தலையணை உறை. புகழ் அவரிடமிருந்து உரிமையை வாங்கிய ஹூவருக்குப் போனது. 0.3 என்ற எண் இரண்டாம் உலகப் போரில் வந்தது. நச்சுப் புகையை வடிகட்டும் ஆய்வில் இருந்த நோபல் விஞ்ஞானி இர்விங் லாங்மியூர், ஏறக்குறைய இந்த அளவுதான் பிடிக்கக் கடினம் என்று கணக்கிட்டார். அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கத் தூசியைப் பிடிக்கத்தான் ஹெப்பாவின் முன்னோடிகள் செய்யப்பட்டன. கைக்குட்டை, தலையணை உறை, அணுகுண்டு. வரலாறு அவ்வளவே.

இப்போது புகாருக்கு வருவோம். உவமையை ரங்கநாதன் தெருவிலேயே விட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் கடையில் ஒட்டியவர்கள் அங்கேயே நிற்கிறார்களே! நேரம் ஆக ஆக, நின்றவர்கள் மேல் மற்றவர்கள் ஒட்டி, அவர்களே கடையாகிவிடுகிறார்கள். சந்து சுருங்குகிறது. கடைசியில் அத்தையும் அகப்பட்டுவிடுவார். ஆனால் தெருவே நகராது. அடைத்துப்போன ஃபில்டர் இப்படித்தான். வடிகட்டுவதில் அது பொதுவாகப் புதியதைவிடக் கெட்டி. காற்றுதான் போவதில்லை. காற்று போகாவிட்டால் முனையில் இழுப்பு இல்லை, மோட்டாருக்குக் குளிர்ச்சியும் இல்லை. அடைப்பு இருந்தால் மெஷினின் சத்தம் கீச்சென்று உயரும். ‘பாவம், முக்குகிறது’ என்று தோன்றும். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று குறைந்ததால் விசிறி வேலையில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. அந்தக் கீச்சொலி கேட்டால் நிறுத்திவிட்டு, குழாயையும் ஃபில்டரையும் பாருங்கள்.

கழுவலாமா? உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு ஃபில்டர். முன்னால் இருக்கும் ஸ்பான்ஜைத் தாராளமாகக் கழுவலாம். மடிப்பு ஃபில்டரை, கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும், சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு முழுநாள் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகும், பிறகு நாறும். கழுவக்கூடாத ஃபில்டரைக் கழுவினால் காகித வகை ஊறிச் சிதையும். இன்னொரு வகையில் பிளாஸ்டிக் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, தூசியைக் கூடுதலாக ஈர்க்க வைத்திருப்பார்கள். சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் பளிச்சென்று புதிதுபோல இருக்கும், அத்தைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறுவார்கள். கழுவக்கூடாததைக் குப்பைத்தொட்டிக்கு மேல் மெல்லத் தட்டலாம், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

கோலமாவு, சுண்ணாம்பு, சுவரைத் தேய்த்த பட்டிப் பொடி ஆகியவற்றுக்கு இந்த மெஷினைக் காட்டவே காட்டாதீர்கள். ஒரு பொங்கல் வேலையில் ஒரு வருட ஆயுளைத் தின்றுவிடும். போகிச் சாம்பல் வேண்டவே வேண்டாம், உள்ளே கனல் இருக்கலாம். ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் காற்று ஃபில்டருக்குப் போகாமல் சந்து வழியே போகும், 99.97 பெட்டியோடு பரணில் தூங்கும். ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா போன்ற’ என்ற சொற்களுக்கு எந்தத் தரநிர்ணயமும் இல்லை. வாட் என்பது மெஷின் குடிக்கும் மின்சாரத்தின் கணக்கு, இழுப்பின் கணக்கல்ல.

மொசைக் தரைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், எனக்குத் தோன்றவில்லை. மெத்தை, சோபா, திரைச்சீலைக்கு மெஷின் நல்லது. தரைக்கு ஈரத்துணியும் அதே தத்துவம்தான்: தொட்டால் விடாதே. விளக்குமாறோ பொடித் தூசியைக் கிளப்பிவிடும். கிளம்பியதில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம் ஆகும், 1 மைக்ரான் துகளுக்குக் காற்று அசையாமல் இருந்தாலே எட்டு மணி நேரம். ஃபேனை நிறுத்திப் பெருக்குங்கள், சற்றுப் பொறுத்து ஈரத்துணியால் துடையுங்கள்.

மூலையில் இருக்கும் ஒட்டடையைக் குச்சியால் இழுக்கும் முன் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல், பெட்டியில் சதவீதம் அச்சடிக்காமல், போன போகியிலிருந்து வேலை பார்த்த ஃபில்டர் அது. பிறகு தாராளமாக அடித்துவிடலாம். ஃபில்டர் மாற்றுகிற நாள்தானே போகி.