மலைப்பாதையில் ஜீப் வண்டி

தேனி மாவட்டத்திலுள்ள கம்பம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன்னரே ஜீப் வண்டிகள் புறப்பட்டு, இடுக்கி மலைகளிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லுதல் அவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்த காட்சியாகும். மாலையில் அவ்வண்டிகளே, களைத்த ஆட்களுடன் இறக்கத்தில் திரும்புகின்றன. காலையில் ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. மாலையில் இறங்கும்போது ஓட்டுபவனுக்குச் சோதனை. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வயநாட்டுத் தலப்புழைக்கருகில், தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து ஆட்கள் திரும்பிய ஜீப் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்ததில் 9 பெண்கள் உயிரிழந்தனர். மலைச்சாரலில் நிலம் வைத்திருப்போரில் பலர் இப்பொழுது இவ்வகை வண்டிகளைச் சொந்தமாக வாங்கி வருகின்றபடியால், அவற்றின் குணங்களையும் குறைகளையும் நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

ஜீப், விவசாயிக்கென்று பிறந்த வண்டியன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினரின் தேவைக்காக 1940-ஆம் வருஷம் முதல் மாதிரி செய்யப்பட்டு, வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனிகளால் 1945 வரை ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டன. யுத்தம் முடிந்த வருஷமே வில்லிஸ் கம்பெனியார், ஏர் முதலிய கருவிகளை இழுக்கவும் யந்திரங்களைச் சுழற்றவும் ஏற்ற விதமாய் மாற்றி, பண்ணைக்காரர்களுக்கென்று அதை விற்கத் தொடங்கினர். பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் 1947-இல் இதன் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கினர். ஆதி ஜீப்பை அமெரிக்கப் படையினர் கால் டன் பார வகுப்பில் வைத்திருந்தனர் என்பதும், அதன் இடது வலது சக்கரங்களுக்கிடையேயுள்ள அகலம் ஏறக்குறைய 4 அடியே என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. பின்னாளில் நீளமாக்கப்பட்ட வண்டிகளில் அதிகம் பேர் அமரலாமெனினும், பின்புறப் படியில் தொங்கிக்கொண்டும் கூரைமேல் மூட்டை அடுக்கிக்கொண்டும் செல்ல எந்த வண்டியும் வகுக்கப்படவில்லை. பாரம் உயர உயர வண்டி சரிந்து கவிழும் இயல்பும் அதிகரிக்கும்.

சாதாரண மோட்டார் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கே எஞ்சினின் இயக்கம் செல்லும். அவற்றுள் ஒன்று சேற்றில் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், மற்றொன்று அசையாது நிற்கும். வண்டி இருந்த இடத்திலேயே புதையும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில், கியர்ப் பெட்டியை அடுத்துள்ள மற்றொரு பெட்டி, முன் அச்சுக்கும் இயக்கத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. அப்பெட்டியிலேயே ‘தாழ் கியர்’ ஒன்றும் உண்டு. பழைய ஜீப்பில் இதைப் போட்டால், சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காய்க் குறைந்து, இழுக்கும் சக்தி அதே அளவு பெருகும்.

இவ்விடத்தில்தான் பலரும் ஏமாறுகின்றனர். நான்கு சக்கரங்களும் இழுக்கின்றபடியால் வண்டி எவ்விடத்தும் ஏறிவிடுகிறது. ஏறிய வண்டி இறங்கவும் இறங்கும் என்று எண்ணிவிடுகின்றனர். ஆனால் பிரேக் எல்லா மோட்டார் வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உள்ளதே. இவ்வண்டிக்கு அதில் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. நெடிய இறக்கத்தில் பிரேக்கை விடாது மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகையால் இறக்கம் தொடங்குமுன்னரே வண்டியை நிறுத்தி, தாழ் கியரைப் போட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைத் தாங்கி இறக்கும்படி விடவேண்டும். கிளட்சை மிதித்தலும், டீசல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் உருளவிடுதலும் பிராணாபாயமான வழக்கங்கள். இவ்வாறு மிச்சமாகும் டீசலின் விலை ஒரு வேளைக் காப்பிக்கும் காணாது. தார் ரோட்டு இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கம் வேண்டுவதில்லை. தாழ்ந்த கியரே போதும்.

செங்குத்தான மண்பாதையில் ஏறுகையில் எஞ்சின் நின்றுவிட்டால், வண்டியைத் திருப்ப முயலலாகாது. குறுக்காக நின்ற வண்டி உருளும். பிரேக்கை மிதித்தபடியே ரிவர்ஸ் கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியை ஓட்டுபவர் கட்டைவிரலைச் சக்கரத்தின் உட்புறம் நுழைத்துப் பிடிக்கக் கூடாது. முன் சக்கரம் பாறையில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறித்துவிடும்.

சேற்றில் இறங்குமுன்னரே நான்கு சக்கர இயக்கத்தைப் போடவேண்டும். புதைந்தபின் போடுதல் வெள்ளம் வந்தபின் அணை கட்டுதலை ஒக்கும். ஓடுகின்ற நீரில் இறங்கவே கூடாது. 2020-இல் வெளிவந்த தார் வண்டி 650 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட ஆழம் வரை தாங்குமெனக் கம்பெனியார் கூறினாலும், காட்டாற்றின் வேகம் அக்கணக்கில் சேர்ந்ததன்று. தேங்கிய நீராயினும் கோலால் ஆழமும் தரையும் பார்த்தபின்னரே இறங்குக. கரையேறியதும் பிரேக்கை இலேசாகப் பலமுறை மிதித்து உலர்த்துக.

இனி, தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தோடு ஓட்டலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பழைய ஜீப்பிலும் தார் வண்டியிலும் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் செல்கின்றன. இரு அச்சுக்களும் பிணைக்கப்பட்டிருப்பதால் அவ்வித்தியாசம் போக இடமின்றிப் பல்சக்கரங்களில் முறுக்கேறுகிறது. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி இதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. லீவர் இறுகி வர மறுத்தால், நேராகச் சிறிது பின்னோக்கி ஓட்ட, முறுக்கு அவிழும்.

நிற்க, பெரிய டயர்களையும் வரிசை விளக்குகளையும் மாட்டித் திருவிழாத் தேர்போல் வண்டியை அலங்கரிக்கும் வழக்கம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. பெரிய டயரினால் பிரேக்கின் வேலை அதிகரித்து இழுவை குறையும். பதிவுச் சான்றில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுதல் சட்டவிரோதமுமாகும்.

புதிது வாங்குவோர் உருவத்தைக் கண்டு மயங்கலாகாது. தார் வண்டியிலேயே, பின் சக்கரங்களுக்கு மட்டும் இயக்கமுள்ள வகையொன்று 2023 முதல் விற்பனைக்கு வந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நகரத்தில் ஓட்டுபவருக்கு அது போதுமாயினும், கொல்லிமலைத் தோட்டத்து மண்பாதைக்கு உதவாது. இரண்டாவது லீவர் உண்டா என்று உள்ளே பார்த்தறிக.

பழையது வாங்குவோர் பெயிண்டைப் பாராது, கீழே குனிந்து சேஸிஸில் துருவும் ஒட்டும் உளவா என்று பார்க்கவேண்டும். அச்சு எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க, அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளதென்பது தெளிவு. விற்பவரை அருகில் வைத்துக்கொண்டே மண்தரையில் நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ் கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக ஒருவரும் தொடாத லீவர் அசையாமலே போயிருக்கக்கூடும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்கவேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்குப்பின் பரிசோதனையின் பேரில் 5 வருஷத்துக்கே புதுப்பிக்கப்படும். அவ்வாறு சொந்த உபயோகத்திற்கெனப் பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றி விபத்து நேரிட்டால், இறந்தவர் குடும்பத்திற்கு இன்ஷூரன்ஸ் தொகை கிடைப்பதிலும் தகராறு விளையும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் கிராமங்களில், பர்மிட் இல்லாத வண்டி எது என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராருக்கும் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது.