ஸ்காட்லாந்து தனி நாடாவது சாத்தியமா? பிரெக்சிட் போட்ட முடிச்சு என்ன?

"ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா?"

2014 செப்டம்பர் 18-ம் தேதி ஸ்காட்லாந்து மக்களின் கையில் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் இருந்தது இந்த ஒரே கேள்விதான். 55.3% பேர் 'வேண்டாம்' என்றார்கள். 44.7% பேர் 'வேண்டும்' என்றார்கள். வாக்குப்பதிவு 84.6%. 16, 17 வயதினருக்கும் அப்போதுதான் முதல்முறையாக வாக்குரிமை கிடைத்தது.

இத்தோடு விவகாரம் முடிந்தது என்று லண்டன் நினைத்தது. ஆனால் முடியவில்லை. இரண்டே வருடத்தில் பிரெக்சிட் வந்து மொத்தக் கணக்கையும் மாற்றிவிட்டது. பிரிந்து போக ஒரு வலுவான காரணத்தைக் கொடுத்த அதே பிரெக்சிட்தான், பிரிந்து போவதை முன்பைவிடக் கஷ்டமாகவும் ஆக்கியது. அது எப்படி?

பிரிட்டன் வேறு, இங்கிலாந்து வேறா?

ஆமாம், வேறுதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் பிரிட்டன் என்று நாம் சொல்லும் ஐக்கிய ராஜ்ஜியம். இதில் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். மொத்த மக்கள்தொகையில் இது 10 சதவீதம்கூட இல்லை.

1603-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், இங்கிலாந்துக்கும் மன்னரானார். அப்போது மன்னர்தான் ஒருவர், நாடுகள் இரண்டு. 1707-ல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் சட்டம் போட்டு ஒன்றாக இணைந்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இன்றைய பனாமா பகுதியில் குடியேற்றம் அமைக்கப் போய் ஸ்காட்லாந்து பெரும் பணத்தை இழந்திருந்தது. இணைப்புக்கு அந்த நஷ்டமும் ஒரு காரணம்.

அதாவது, இது படையெடுத்துப் பிடிக்கப்பட்டதாக அல்ல, ஒப்பந்தத்தால் இணைந்ததாகவே பார்க்கப்படுகிறது. இணைந்த பிறகும் சொந்தச் சட்ட முறை, சொந்தத் திருச்சபை, சொந்தக் கல்வி முறை ஆகியவற்றை ஸ்காட்லாந்து விட்டுக்கொடுக்கவில்லை. "விரும்பிச் சேர்ந்தோம், விரும்பினால் போகலாம்" என்று பிரிவினை ஆதரவாளர்கள் பேசுவதற்கு அடிப்படை இந்த வரலாறுதான்.

ஏற்கெனவே தனி நாடாளுமன்றம் இருக்கிறதே?

இருக்கிறது. 1997 வாக்கெடுப்பில் 74% பேர் ஆதரித்ததால், 1999-ல் எடின்பரோவில் 129 உறுப்பினர்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வந்தது. மருத்துவம், பள்ளிக் கல்வி, காவல்துறை போன்றவை அதன் கையில். ராணுவம், வெளியுறவு, நாணயம், குடியேற்றம் போன்றவை லண்டன் கையில்.

இந்த அதிகாரத்தால் மக்கள் வாழ்க்கையிலும் வித்தியாசம் தெரிகிறது. இங்கிலாந்து மாணவர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம் ஆகிறது. ஸ்காட்லாந்து மாணவர் சொந்த ஊரில் முதல் பட்டம் படித்தால் கட்டணம் கிடையாது. டாக்டர் சீட்டுக்கு மருந்தும் இலவசம்.

"இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது தனி நாடு எதற்கு?" என்பது ஒரு தரப்பின் கேள்வி. "இதையே இவ்வளவு நன்றாகச் செய்கிறோமே, மிச்சத்தையும் நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா?" என்பது மறுதரப்பின் பதில்.

2014-ல் ஏன் 'வேண்டாம்' என்றார்கள்?

முதல் காரணம் பணம். தனி நாடானாலும் பவுண்டையே பகிர்ந்துகொள்வோம் என்றது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. வாக்கெடுப்புக்கு ஏழு மாதம் முன்பே, அதற்கு வாய்ப்பே இல்லை என்று கையை விரித்துவிட்டார் அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். சம்பளமும் பென்ஷனும் வீட்டுக் கடனும் பவுண்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமா?

இரண்டாவது காரணம் ஐரோப்பிய ஒன்றியம். பிரிட்டனை விட்டுப் போனால் ஒன்றியத்திலிருந்தும் வெளியே நிற்க வேண்டிவரும், மறுபடி சேர்வது கஷ்டம் என்று எச்சரித்தார்கள். 'ஐரோப்பாவில் இருக்க ஆசையா? அப்படியானால் பிரிட்டனோடு இருங்கள்' என்பதே அன்றைய பிரசாரத்தின் சாரம்.

மூன்றாவது, கடைசி நேர வாக்குறுதி. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, பிரிட்டனின் மூன்று முக்கியக் கட்சித் தலைவர்களும் சேர்ந்து ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாக உறுதியளித்தார்கள்.

பிரெக்சிட் எதை மாற்றியது?

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் முழுவதிலும் 51.9% பேர் வாக்களித்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் 62% பேர் 'வெளியேறக் கூடாது' என்றார்கள். அங்குள்ள 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றில்கூட வெளியேறும் தரப்பு ஜெயிக்கவில்லை. இருந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்தே வெளியேற வேண்டியதாயிற்று.

"ஐரோப்பாவில் இருக்க வேண்டும் என்றால் எங்களோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு, இப்போது எங்களையும் வெளியே இழுத்துக்கொண்டு போகிறீர்களே?" என்ற கோபம் கிளம்பியது. 55 லட்சம் பேரின் விருப்பம், அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட இங்கிலாந்தின் விருப்பத்துக்கு முன்னால் எடுபடாது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் பிரிவினை ஆதரவாளர்களுக்குக் கிடைத்திருக்காது.

அப்படியானால் பிரிவது ஈசியாகிவிட்டதா?

இல்லை. முடிச்சு விழுவதே இங்குதான்.

2014-ல் பிரிந்து, இரண்டு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால், நடுவில் சுங்கச் சோதனை தேவைப்பட்டிருக்காது. இப்போது நிலைமை வேறு. ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான இங்கிலாந்து எல்லை, ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். ஆட்கள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர, அயர்லாந்துக்கு இருப்பதுபோல ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் சரக்கு லாரிக்குச் சோதனையும் பேப்பர் வேலையும் வந்துவிடும்.

ஸ்காட்லாந்து வெளியே விற்கும் பொருள், சேவைகளில் ஏறக்குறைய 60% பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கே போகிறது. ஐரோப்பியச் சந்தைக்காக அதைவிடப் பெரிய பக்கத்து வீட்டுச் சந்தைக்கு நடுவில் வேலி போடலாமா என்பதுதான் எதிர்ப்பாளர்களின் கேள்வி. அயர்லாந்தும் ஒருகாலத்தில் பிரிட்டன் சந்தையையே பெரிதும் நம்பியிருந்தது, பிறகு ஐரோப்பா பக்கம் திரும்பி வளர்ந்தது என்கிறார்கள் ஆதரவாளர்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

எந்தப் பணம் கையில் இருக்கும்?

மூன்று வழிகள் பேசப்படுகின்றன. பவுண்டையே தொடர்ந்து பயன்படுத்துவது, சொந்தப் பணம் அச்சிடுவது, யூரோவுக்கு மாறுவது. முதலில் பவுண்டு, பிறகு சொந்தமாக 'ஸ்காட்டிஷ் பவுண்டு' என்பது ஸ்காட்லாந்து அரசு முன்வைத்த திட்டம். லண்டன் சம்மதிக்காவிட்டாலும் பவுண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் வட்டி விகிதத்தை லண்டனில் முடிவு செய்வார்கள். அதில் ஸ்காட்லாந்துக்குக் குரலே இருக்காது.

வரலாற்றில் இரண்டு விதமான அனுபவமும் உண்டு. 1993 ஜனவரி 1-ல் செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் சண்டையில்லாமல் பிரிந்தன. கொஞ்சகாலம் ஒரே பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார்கள். பிப்ரவரி 8-ம் தேதியே அது முடிவுக்கு வந்துவிட்டது. அயர்லாந்தோ பிரிந்த பிறகும் 1979 வரை தன் பணத்தைப் பவுண்டுக்குச் சமமாக வைத்திருந்தது.

எண்ணெய் வளம் போதாதா?

வட கடல் எண்ணெயை நம்பித்தான் 1970-களில் பிரிவினைப் பேச்சு சூடுபிடித்தது. 2014 வாக்கெடுப்புக்கான திட்ட அறிக்கை, ஒரு பீப்பாய் 110 டாலர் என்று கணக்குப் போட்டது. 2016 தொடக்கத்தில் விலை 30 டாலருக்கும் கீழே போனது. பிரிட்டனின் எண்ணெய் உற்பத்தி 1999-லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. இப்போது நம்பிக்கை காற்றாலை மின்சாரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஸ்காட்லாந்து அரசே வெளியிடும் கணக்குப்படி, 2023-24-ல் அதன் வரவு-செலவுப் பற்றாக்குறை பொருளாதார உற்பத்தியில் 10.4%. பிரிட்டன் முழுமைக்கும் அது 4.5%. "இது ஒன்றியத்துக்குள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு, தனி நாட்டின் கணக்கு அல்ல" என்பது ஆதரவாளர்களின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முதல் நாளிலேயே வரியைக் கூட்டவோ, செலவைக் குறைக்கவோ, கடன் வாங்கவோ வேண்டியிருக்கும். இலவசக் கல்வியும் மருந்தும் அப்படியே நீடிக்குமா என்ற கவலை அங்கிருந்து வருவதுதான்.

மறுபடி வாக்கெடுப்பு நடத்த முடியுமா?

லண்டன் சம்மதித்தால்தான் முடியும். 2014-ல் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் ஒப்புக்கொண்டதால்தான் வாக்கெடுப்பு நடந்தது. 2021 தேர்தலில், மறு வாக்கெடுப்பு கேட்கும் தேசியக் கட்சிக்கும் பசுமைக் கட்சிக்கும் சேர்த்து 129-ல் 72 இடங்கள் கிடைத்தன. அதன்பிறகும் லண்டன் மறுத்ததால், விஷயம் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. "மக்கள் கருத்தைத்தானே கேட்கிறோம்" என்று ஸ்காட்லாந்து வாதிட்டது. லண்டன் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் போட முடியாது என்று, 2022 நவம்பர் 23-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்.

வடக்கு அயர்லாந்துக்கு வேறு வழி இருக்கிறது. அங்கே பெரும்பான்மை மக்கள் பிரிய விரும்புவதாகத் தெரிந்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

2024 பொதுத்தேர்தலில் தேசியக் கட்சி 48 இடங்களிலிருந்து 9 இடங்களுக்குச் சரிந்தது. ஆனால் கருத்துக்கணிப்புகளில் தனி நாட்டுக்கான ஆதரவு அதே வேகத்தில் சரியவில்லை. ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்ற நிலை தொடர்ந்தது. இளைஞர்களிடம் ஆதரவு அதிகம், முதியவர்களிடம் குறைவு.

கடைசியில் எது தீர்மானிக்கும்?

'எங்கள் முடிவை நாங்களே எடுக்க வேண்டும்' என்ற வாதத்துக்கு பிரெக்சிட் பலம் சேர்த்தது. 'பிரிந்தால் அன்றாட வாழ்க்கை என்ன ஆகும்?' என்ற கேள்விக்கும் அதுவே பலம் சேர்த்தது. 2014-ல் 'வேண்டாம்' என்றவர்களில் பலரைத் தயங்க வைத்தது, பென்ஷன் எந்தப் பணத்தில் வரும் என்ற கேள்விதான். அத்துடன் இப்போது, எல்லையில் லாரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நம்பும்படி பதில் சொல்லாதவரை ஆதரவாளர்களால் பாதியைத் தாண்டுவது கடினம். அதேபோல, பாதி மக்கள் கேட்கும் கேள்வியைக் கேட்கவே விடாமல் லண்டனாலும் எத்தனை காலம் தள்ளிப்போட முடியும்?