நாடு சுருங்கியும் சுருங்காத பட்டம்

மதுரையை இழந்த பிறகும் பாண்டியர் தங்கள் குலப்பெருமையை விட்டுக்கொடுக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் தாயாதிச் சண்டையும் டெல்லிப் படையெடுப்புகளும் அவர்கள் அரசைக் குலைத்தன. அந்த வழியில் வந்த பராக்கிரம பாண்டியன் 1422-இல் தென்காசிப் பகுதியில் முடிசூடியபோது, 'சடையவர்மன்' என்றும் 'அரிகேசரி' என்றும் பட்டம் தரித்தார்.

இரண்டும் முன்னோர் சொத்து. சடையவர்மன், மாறவர்மன் என்று மாறி மாறிச் சூடுவது பாண்டியர் மரபு. அரிகேசரி, 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மாறவர்மனின் பெயர்.

நாடு பரந்திருந்த நாளில் பட்டமே போர்ச்செய்தி. 1216-இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டை வென்று திருப்பிக் கொடுத்ததால், 'சோணாடு வழங்கியருளிய' என்று கல்வெட்டுகள் அவரைப் போற்றின. 1251-இல் வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியனோ 'எம்மண்டலமும் கொண்டருளிய' தேவரானார்.

தென்காசிப் பாண்டியருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள மண்டலங்கள் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்து அச்சுததேவராயர் திருவிதாங்கூரை அடக்கிப் பாண்டியருக்குக் கைகொடுத்தார். அதன்பின் அரியணை ஏறிய ஸ்ரீவல்லப பாண்டியன் சூடிய பட்டம், 'இறந்தகாலம் எடுத்த'. போன காலத்தை மீட்டவன் என்று பொருள். பேரரசின் நிழலில் இருந்துகொண்டே பழம்பெருமைக்கு உரிமை கோரிய பட்டம் அது.

ஐரோப்பாவிலும் இதே கதை உண்டு. இடைக்கால ஹங்கேரி அரசர்களின் பட்டத்தில் டால்மேஷியா, குரோவேஷியாவோடு செர்பியா, காலிசியா, குமானியா, பல்கேரியா என நாடுகள் வரிசையாகச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றை அவர்கள் நிலையாக ஆண்டதில்லை. ஆனாலும் ஒருமுறை ஏறிய பெயரை, பின்வந்தவர்கள் இறக்கவில்லை. உரிமை கோருவதற்கு அது சான்றாக நின்றது.

பராக்கிரம பாண்டியன் பட்டத்தோடு நிற்கவில்லை. 1446-இல் தென்காசியில் காசி விஸ்வநாதர் கோயிலைத் தொடங்கினார். 1457-இல் கோபுரத்துக்கு அடிக்கல் இட்டார். அதை முடித்தவர் தம்பி குலசேகரன். கோயிலைக் காப்பவர்களின் பாதங்களை இப்போதே பணிவதாக அரசர் கல்வெட்டில் பொறித்துவைத்தார். அவர் வழிவந்த அதிவீரராம பாண்டியனையும் தமிழுலகம் நினைப்பது பட்டத்துக்காக அல்ல; 'நைடதம்', 'வெற்றிவேற்கை' என்னும் நூல்களுக்காகத்தான்.

1924-இல் தீக்கிரையான கோபுரம், 1990-இல் சுமார் 178 அடி உயரத்தில் மீண்டும் எழுந்தது. சாரலுக்குக் குற்றாலம் வருபவர்கள் தென்காசியில் இறங்கி, அந்தக் கோயிலின் கல்வெட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டும். அவற்றின் மீது சுண்ணாம்பும் பெயின்ட்டும் படாமல் காப்பது இந்தத் தலைமுறையின் கடமை.