சிறுநீரக நோயும் உணவின் அளவும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபொழுது மூலிகைகளின் பெயர்களை அடுக்கினாரல்லர். உண்ணும் அளவையும், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணும் முறையையுமே பெரிதும் வற்புறுத்தினார். உணவின் அளவே மருத்துவத்திற் பெரும்பங்கு பெறும் நோய்களுள் நாட்பட்ட சிறுநீரக நோயும் ஒன்று. ஆயின், இந்நோயைப் பற்றி மக்களிடையே வழங்கும் அறிவுரைகளுட் பல அளவைக் கூறுவனவல்ல, விலக்கையே கூறுவன. பருப்பை ஒழி, பழத்தை ஒழி, மீனை ஒழி என்று அயலார் கூறுவனவற்றையெல்லாம் கேட்டு, நோயினாலன்றி உணவின்மையால் மெலிவோரும் உளர். நோட்டன் பிரிட்ஜ், ஹட்டன், மஸ்கெலியா முதலிய மலைநாட்டுத் தோட்டப்புறங்களின் அன்றாட உணவை மனத்திற்கொண்டு, இந்நோய்க்குரிய உணவு முறை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிறுநீரகத்தின் தொழிலை விளக்க நோட்டன் பிரிட்ஜ் அணையே தக்க உவமையாகும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் விமலசுரேந்திர மின்னிலையத்தைக் கடந்து இவ்வணையிலே தேங்கிப் பின்னர்ப் பழைய லக்சபானா மின்னிலையத்துக்குச் செல்கின்றது. பெருமழைக் காலத்தில் மிகுந்த நீர் வான்கதவுகளின் வழியே வெளியேறும். அக்கதவுகளுட் சில திறவாமற் பழுதுற்றன என வைத்துக்கொள்வோம். அப்பொழுது வந்துசேரும் நீரைக் குறைத்தாலன்றி அணைக்குக் காப்பில்லை. முற்றாகத் தடுத்துவிட்டாலோ மின்னிலையம் இயங்காது. நம் உடலில் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. இவை நாள்தோறும் ஏறத்தாழ 180 இலீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்து, வேண்டுவனவற்றை மீண்டும் உறிஞ்சி, ஒன்றரை இலீற்றர் அளவினதை மட்டும் சிறுநீராகக் கழிக்கின்றன. புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியா, மிகுந்த உப்பு, பொற்றாசியம், பொசுபரசு ஆகியன இவ்வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகத்திகள் அழியுந்தோறும் இவை உடலிலே தேங்குகின்றன. ஆதலின் உணவு முறையின் பொருள், வரத்தைக் கழிவுக்கு இசைய வைத்தல் என்பதே. வரத்தை அடியோடு நிறுத்துதல் அன்று.

சிறுநீரிற் புரதம் கழிதலும் உடல் வீங்குதலும் சிறுநீரகப் பழுதோடு தொடர்புடையன என்பதை இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய றிச்சட் பிறைற் என்பார் 1827ஆம் ஆண்டில் விளக்கினார். இன்று, மூன்று திங்களுக்கு மேலாகச் சிறுநீரகம் வடிக்கும் ஆற்றல் குன்றியிருப்பினும், சிறுநீரில் அல்புமின் கழிதல் போன்ற பழுதின் அறிகுறி நீடித்திருப்பினும், அதனை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். தொடக்கத்தில் இந்நோய் வலியையோ வேறு துன்பத்தையோ தருவதில்லை. குருதியிலே கிரியற்றினின் அளவையும், சிறுநீரிலே அல்புமினையும் சோதித்தே அதனை அறிதல் கூடும்.

இலங்கையிற் சிறுநீரக நோய் என்றவுடன் பலர்க்கும் வடமத்திய மாகாணமே நினைவுக்கு வரும். பதவியா, மதவாச்சி முதலிய இடங்களின் உழவர்களிடையே 1990ஆம் ஆண்டுகளிற் கவனத்துக்கு வந்த அந்நோயின் காரணம் இன்றும் முடிவாகத் தெளியப்படவில்லை. நிலத்தடி நீரின் வன்மை, அதிலுள்ள புளோரைட்டு, வெயிலில் உழைப்போர்க்கு நேரும் நீரிழப்பு, விவசாய இரசாயனங்கள் ஆகியன பேசப்படுகின்றன. ஆயின் அவ்வறண்ட நிலத்தின் விளக்கத்தை மலைநாட்டுக்கும் பொருத்திக்கொண்டு, நீரின்மேற் பழிபோட்டு அமைதல் தகாது. உலகெங்கும் இந்நோயின் தலையாய காரணங்களாக விளங்குவன நீரிழிவும் உயர் குருதியமுக்கமுமே. இவ்விரண்டும் மலைநாட்டிலும் உள.

தோட்டப்புறத்துக்கெனச் சிறப்பாகக் கருதத்தக்கது இன்னொன்று உண்டு. சிறுநீரகத்திகள் தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிகின்றன. பிறந்தபின் புதியன தோன்றுவதில்லை. நிறை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு அவை பெரும்பாலும் குறைவாகவே அமைகின்றன. அதனாற் பிற்காலத்திலே குருதியமுக்கத்துக்கும் சிறுநீரகத் தளர்ச்சிக்கும் அக்குழந்தை எளிதில் ஆளாகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர்; நாடு முழுவதற்கும் அத்தொகை 17 அளவினதே. ஆகவே சிறுநீரக நோய்க்குரிய உணவு முறை கருவுற்ற தாயின் உணவிலேயே தொடங்குகின்றது எனல் மிகையாகாது.

இனி, நோயாளர்க்குரிய உணவை நோக்குவோம். முதலிற் குறைக்க வேண்டியது உப்பு. உப்பு மிகின் குருதியமுக்கம் உயரும். உயர்ந்த அமுக்கம் எஞ்சிய சிறுநீரகத்திகளையும் சிதைக்கும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், உப்பு உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. ரொட்டிக்குப் பிசையும் மாவில் உப்பு. தொட்டுக்கொள்ளும் சம்பலில் உப்பு. கறிக்குப் பதிலாகும் நெத்தலிக் கருவாட்டிலோ உப்பே உணவாகிவிடுகின்றது. ஊறுகாய், அப்பளம், கடைகளில் விற்கும் பொதியுணவு ஆகியனவும் அவ்வாறே. ரொட்டி மாவுக்கு உப்பிடாது விடலாம். சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகாயும் வெங்காயமும் சுவையூட்டும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சிறிதளவே சமைத்தல் நன்று. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் தூள்கள் பெரும்பாலும் பொற்றாசியம் கலந்தனவாதலின், வைத்தியரைக் கேளாது அவற்றைப் பயன்படுத்துதல் ஆபத்தாகும்.

அடுத்தது புரதம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் கெம்ப்னர் என்னும் வைத்தியர் 1939ஆம் ஆண்டு முதல் சோறும் பழமும் சீனியுமே கொண்ட உணவைக் கடும் குருதியமுக்கமும் சிறுநீரக நோயும் உற்றோர்க்கு அளித்து, அவருட் பலர் நலமுறக் கண்டார். தக்க மருந்தில்லாத அக்காலத்தில் அது வியப்புக்குரிய செய்தியே. எனினும் உப்பும் புரதமும் அதில் மிகக் குறைவாதலின், நன்மை எதனால் விளைந்தது எனப் பிரித்தறிதல் எளிதன்று. பின்னர் 840 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 1994ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, புரதத்தைக் குறைப்பதால் வரும் பயன் சிறிதே எனக் காட்டிற்று. 2024ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி, நோய் நடுநிலையைக் கடந்த வளர்ந்தோர்க்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கின்றது.

இக்கணக்கை ஒரு தொழிலாளியின் உணவோடு ஒப்பிடுவோம். 50 கிலோகிராம் நிறையுடையார்க்கு 40 கிராம் புரதம் தகும். 150 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 15 கிராமும், 150 கிராம் அரிசியில் 10 கிராமும், 40 கிராம் பருப்பில் 10 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் உள்ளன. கூட்டினால் 41. எளிய தோட்டத்து உணவு வைத்தியர் வகுத்த எல்லையை ஒட்டியே நிற்கின்றது என்பது இதனாற் புலனாகும். இறைச்சியை மிகுதியாக உண்ணும் செல்வர்க்குக் கூறிய விலக்கை, ஒரு முட்டையும் சிறிது பருப்பும் உண்ணும் ஏழைக்கும் கூறுதல் அறியாமையாகும். மேலும், மாப்பொருளும் எண்ணெயும் போதாவிடின் உடல் தன் தசையையே எரிக்கும். அதனால் யூரியா பெருகும். குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோர்க்கோ புரதம் 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அந்நிலையிற் பழைய விலக்கைத் தொடர்வது கேடு.

பொற்றாசியம் குருதியில் மிகின் இதயம் நின்றுவிடவும் கூடும். ஆயின் சோதனையில் அது மிகுந்துள்ளது எனக் கண்டபின்னரே அதனைக் கட்டுப்படுத்தல் வேண்டும். இளநீர், வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் அது மிகுதி. மலைநாட்டில் விளையும் கோவா, லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றிற் குறைவு. மரக்கறியைச் சிறிதாக அரிந்து, மிகுந்த நீரில் அவித்து, நீரை வடித்துவிட்டாற் பொற்றாசியத்தின் ஒரு பகுதி நீங்கும். பொசுபரசைப் பொறுத்தவரை, பருப்பு வகைகளில் இயல்பாக உள்ளதினும் பொதியுணவுகளிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் உப்புவகையே எளிதில் உடலிற் சேர்வது. பருப்பை அஞ்சி விடுப்பார் போத்தற் பானத்தை அஞ்சாதிருத்தல் முரணன்றோ!

தேநீரை முற்றாக விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் நீரிழிவுடையார் அதிலிடும் சீனியைக் கைவிடுதல் வேண்டும். உணவோடு சேர்த்துப் பருகும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுப்பதாலும், இந்நோயிலே குருதிச்சோகை பெருவழக்காதலாலும், உணவுக்கும் தேநீருக்கும் ஓரிரு மணி இடைவெளி நன்று. நீரும் அளவொடு பருகத்தக்கதே. வீக்கமில்லாதார் தாகத்துக்குப் பருகலாம். வீக்கமுற்றார் வைத்தியர் கூறிய அளவைக் கடத்தலாகாது.

முற்றாக விலக்கத்தக்கனவும் சில உள. வெட்டினால் விண்மீன் வடிவு காட்டும் காமரங்காய் சிறுநீரக நோயாளர்க்கு நஞ்சாகும். ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை என்னும் மூலிகைகளைக் கொண்ட இனத்தில் சிறுநீரகத்தை அழிக்கும் அமிலம் உண்டு. முதுகுவலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரைகளும் அத்தகையனவே. கொழுந்துக் கூடை சுமந்து நோகும் உடலுக்கு அவை தரும் ஆறுதல் சிறிது. விளைக்கும் கேடு பெரிது.

ஆகவே, சிறுநீரக நோயாளர்க்குரிய உணவு எல்லார்க்கும் பொதுவான ஒரு பட்டியலன்று. நோயின் படிநிலைக்கும், குருதிச் சோதனைக்கும், உடலின் நிறைக்கும் ஏற்ப மாறும் அளவாகும். நீரிழிவோ குருதியமுக்கமோ உடையார் ஆண்டுக்கொருமுறையேனும் குருதியையும் சிறுநீரையும் சோதிப்பித்தல் கடன். இதனை லயங்களில் வாழும் பெற்றோர்க்கும் முதியோர்க்கும் எடுத்துரைக்கக் கற்ற மாணவரினும் தக்கார் யாவர்? உப்புக் கையைச் சற்றுச் சுருக்குமாறும், பருப்புக் கையைச் சுருக்காதிருக்குமாறும் தம் இல்லத்தில் ஒருவர்க்கு அறிவுறுத்துவாராயின், அக்கல்வி பயன்பட்ட கல்வியாகும்.