வாசலுக்கு வந்த பூனை: விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் அளித்த கூரம் செப்பேட்டை வரலாறு படிக்கும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். பரமேசுவர தடாகம் என்ற ஏரியைப் பற்றியும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த கால்வாயைப் பற்றியும் அதில் குறிப்பு இருக்கிறது. பூனையைப் பற்றிய கட்டுரையில் ஏரிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ஏரி இருந்தால் நெல் விளையும். நெல் இருந்தால் எலி வரும். எலி வந்த இடத்துக்குப் பூனையை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், அக்காலத்திலும் இவ்விரண்டும் மனிதனுக்குப் பழக்கமானவையாகவே இருந்தன என்று தெரிகிறது.

உறவு அதைவிடப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது. ஆகவே யாரோ படகில் ஏற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும்!

இனி நம் வாசலுக்கு வருவோம். காஞ்சிபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த மாணவர்கள் பலரின் வீட்டில் குழித்தறி இருக்கும். ஒருநாள் மாலை, யாருடையது என்று தெரியாத ஒரு பூனை திண்ணையில் வந்து உட்காருகிறது. மறுநாளும் வருகிறது. 'பால் ஊற்று' என்கிறாள் தங்கை. 'சாக்கில் போட்டு ஏரிக்கு அப்பால் விட்டுவிட்டு வா' என்கிறார் அப்பா. குறுக்கே போனால் ஆகாது என்று பாட்டி முணுமுணுக்கிறார். பாட்டியின் கவலையை விட்டுவிடலாம். பூனையின் பாதைக்கும் நம் காரியத்துக்கும் தொடர்பில்லை. மற்ற இருவர் சொல்வதையும் அறிவியல் கொண்டு ஆராயத்தான் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது, அதாவது இரண்டு மூன்று நாள் கவனிப்பது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வருகிறதா? அப்படியானால் அது மனிதரோடு வளர்ந்த பூனை. பக்கத்துத் தெருவில் அதற்கு வீடே இருக்கக்கூடும். நெருங்க விட்டால் கழுத்தில் தளர்வாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, 'இது உங்கள் பூனையா?' என்று எழுதி அனுப்புங்கள். இழுத்தால் கிழிந்துவிடும் காகிதமாக இருக்க வேண்டும். கயிறு கட்டக் கூடாது, எங்காவது மாட்டிக்கொள்ளும். சில சமயம் அந்தக் காகிதத்திலேயே பதில் எழுதி வந்து சேருவதுண்டு.

ஆளைக் கண்டதும் தரையோடு பதுங்கி ஓடும் பூனை வேறு வகை. பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ ஏழாம் வாரம் வரைதான். அந்த நாட்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டி, பெரிதான பிறகு மடியில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதைப் பிடித்து அறையில் அடைப்பது அதற்குச் சிறை. அத்தகைய பூனை தெருவிலேயே இருக்கட்டும். செய்ய வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன்.

வயல் ஓரத்திலோ ஏரிக்கரைப் புதரிலோ கண்டால் இன்னும் ஒரு சந்தேகம் வர வேண்டும். காட்டுப்பூனை என்ற தனி இனம் இந்தியா முழுவதும், ஊர்களுக்கு அருகிலேயே கூட, நாணலிலும் கரும்புத் தோட்டத்திலும் வாழ்கிறது. கால் நீளமாகவும், வால் உடலுக்குக் குட்டையாகவும், வால்நுனியில் கரு வளையங்களோடும் இருக்கும். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் குட்டியைத் தெருப்பூனைக் குட்டி என்று எண்ணி வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது.

குட்டிகளை மட்டும் கண்டால்

விறகுக் கொட்டகையில் கண் திறக்காத நான்கு குட்டிகள் கத்திக்கொண்டிருக்கின்றன, தாயைக் காணோம். உடனே தூக்கிவிடத் தோன்றும். ஆனால் தாய் இரை தேடப் போயிருக்கும். நீங்கள் அங்கேயே நின்றால் திரும்பி வரவும் அஞ்சும். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. குட்டிகளைச் சுற்றிக் கோலத்துக்குரிய அரிசி மாவை மெல்லியதாகத் தூவிவிட்டு விலகிச் செல்லுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாய் வந்து போயிருந்தால் மாவு சொல்லிவிடும்.

பூனையின் முன்காலில் ஐந்து விரல் இருந்தாலும் நான்குதான் தரையில் பதியும். நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி இருக்காது. நாயின் சுவட்டில் நகக்குறி தெரியும். மரநாய் வந்திருந்தால் ஐந்து விரல்களும் பதிந்திருக்கும்.

பல மணி நேரமாகியும் மாவு கலையாமல், குட்டிகள் குளிர்ந்து கிடந்தால் மட்டுமே கை வைக்க வேண்டும். முதலில் துணியில் சுற்றிச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. பசும்பாலும் அதற்கு ஏற்றதல்ல. கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கொடுப்பதே சரி.

சாக்கு மூட்டை

இப்போது அப்பாவின் யோசனை. பூனையைத் தொலைவில் கொண்டுபோய் விட்டால் தீர்ந்ததா? பூனை ஒன்று உங்கள் வாசலுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு: மீன் கழுவிய தண்ணீர், எச்சில் இலை, எலி, ஒதுங்க ஓர் இடம். காரணம் அப்படியே இருக்கும்போது இந்தப் பூனை போனால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். கொண்டுபோய் விட்ட பூனையோ வழி தெரியாத இடத்தில், ஏற்கெனவே அங்கே இருக்கும் பூனைகளிடமும் நாய்களிடமும் அகப்பட்டுப் பட்டினி கிடக்கும்.

சட்டமும் இதை ஏற்கவில்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியம் அவரைத் தலைவராகக் கொண்டு சென்னையிலேயே இயங்கியது. அதன் தலைமையகம் 2018இல்தான் அரியானாவுக்கு மாறியது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது இச்சட்டப்படி குற்றம்.

பூனைகளை அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே மக்குவாரி என்ற தீவு. மனிதர் கொண்டுவந்த பூனைகள் அங்கே கடற்பறவைகளைத் தின்று தீர்த்ததால், 2000ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பூனைகளையும் ஒழித்தார்கள். அதன்பின் முயல்கள் லட்சத்துக்கு மேல் பெருகிச் சரிவுகளின் பசுமையை மொட்டையடித்துவிட்டன. (முயல் பெருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பூனை இல்லாததும் ஒன்று.) பிறகு முயலையும் எலியையும் நீக்க இன்னொரு பெருஞ்செலவு, 2014இல்தான் தீவு விடுபட்டதாக அறிவிக்க முடிந்தது. பறவைகளைக் காக்கப் பூனைகளை நீக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒன்றை எடுத்தால் அதனோடு பின்னிய மற்றவையும் அசையும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பால் மட்டும் ஊற்றினால்?

தங்கையின் யோசனை அன்பானது. ஆனால் அதுவும் பாதி வழிதான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாது, வயிற்றுப்போக்கு ஏற்படும். தயிர்சோறு மட்டும் தின்று வாழவும் பூனையால் முடியாது. டாரின் என்ற பொருள் அதற்கு உணவிலிருந்து கிடைத்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியில் இல்லை. நீண்டகாலம் டாரின் கிடைக்காத பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பதை 1970களில் கண்டுபிடித்தார்கள். சைவ வீட்டுப் பூனை பிழைத்துக்கொள்வது வெளியே பிடிக்கும் சுண்டெலியாலும் பல்லியாலும்தான்!

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்றும், ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்றும் வைத்தால் எட்டுக் குட்டிகள். அப்படியானால் சில ஆண்டுகளில் தெரு முழுவதும் பூனையாக வேண்டுமே, ஏன் ஆகவில்லை? அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளின் 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் 127 குட்டிகள் இறந்தோ காணாமலோ போயிருந்தன. நம் தெருவில் பூனைகள் நிறைந்து வழியாததற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. சோறு போடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர் அடுத்த ஈற்றுக்கும் வழி செய்கிறார். அந்த ஈற்றில் பெரும்பகுதி நாயிடமோ சக்கரத்திலோ காய்ச்சலிலோ மடியும்.

ஆகவே உணவோடு கருத்தடையும் சேர வேண்டும். பூனையைக் கூண்டில் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று, மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது இப்போது பல நாடுகளில் வழக்கம். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். காது நுனி தட்டையான பூனையைக் கண்டால் அதை மறுபடி பிடிக்க வேண்டாம் என்று பொருள். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனையாக இருந்தால் தாமதிக்காதீர்கள். செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ காஞ்சிபுரம் மருத்துவமனையிலோ பெரியவர்களுடன் சென்று விசாரியுங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டாத தூரமில்லை.

நோய் பற்றிய அச்சத்துக்கும் விடை வேண்டும். பூனை கடித்தாலும் பிராண்டினாலும் வெறிநோய் வரக்கூடும். நாய்க்கடிக்குச் செய்வதையே இதற்கும் செய்ய வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்துவிடாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிகளின் கருவைத் தாக்கக்கூடியது. பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் கருமுட்டை தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். எனவே மலத்தைத் தினமும் அப்புறப்படுத்தினால், அதையும் கர்ப்பிணி அல்லாதவர் செய்தால், ஆபத்து பெரிதும் குறையும். மண்ணைத் தொட்ட கையைக் கழுவுவதும் கீரையைக் கழுவுவதும் எப்படியும் செய்ய வேண்டியவைதானே.

தறிவீட்டில் எலியும் பூனையும்

பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுகிறோம். கஞ்சி மணம் எலியை இழுக்கும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை, எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிரவில் பாவில் நூறு இழை அறுந்தால் நெசவாளருக்கு அது எத்தனை நாள் கூலி என்பது உங்களுக்கே தெரியும். பூனை இருந்தால் இந்தத் தொல்லை இராது என்பது பொது நம்பிக்கை. ஓரளவுக்கே அது உண்மை. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். பெரிய எலி என்றால் தயங்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவுக் கிடங்கில் 79 நாட்கள் படம் பிடித்துப் பார்த்ததில் பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள் என்று 2018இல் எழுதினார்கள். அரைக் கிலோவைத் தாண்டும் பெருச்சாளியிடம் நம் திண்ணைப் பூனை வம்புக்குப் போகாது.

சரி, பூனையும் இருக்கட்டும், எலிமருந்தும் வைப்போம் என்று நினைத்தால் அதுதான் மிகப் பெரிய ஆபத்து. துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியின் வயிற்றில் செரிக்காத மருந்து மிஞ்சியிருக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமாடியோலோன் வகை மருந்தோ எலியின் ஈரலில் தங்கும். தள்ளாடும் எலி பூனைக்கு எளிய இரை. அதைத் தின்ற பூனையும் மடியும். பூனை உலவும் வீட்டில் எலிப்பொறியே தகுந்தது. அதேபோல், நோயுற்ற பூனைக்கு நம் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

நெசவு வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, பலர் அறியாதது. அசையும் நூலைக் கண்டால் பூனை பாயும், வாயில் கவ்வும். பூனையின் நாக்கு உங்கள் கையை நக்கும்போது அரம்போல உரசுகிறதல்லவா? அந்த முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. கவ்விய நூலைத் துப்ப அவை விடுவதில்லை, உள்ளேதான் தள்ளும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலைச் சுற்றிச் சுருக்குப்பை போல மடிந்து மடிந்து, கடைசியில் அறுபடும். பட்டு இழை உறுதியானது, சரிகை இன்னும் மோசம். வாயிலோ பின்புறத்திலோ நூல்முனை தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் குடல் கிழியும்; அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். மாலையில் தறியை நிறுத்தியதும், தார்களையும் தறிக்குழியில் உதிர்ந்த கழிவு இழைகளையும் பொறுக்கி மூடியுள்ள டப்பா ஒன்றில் போட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை. பள்ளியிலிருந்து வந்ததும் நீங்களே செய்துவிடலாம்.