காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்கள் வழியாகத் தமிழகத்துக்குள் வேகமாக வீசுகிறது. இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, கயத்தாறு, உடுமலை, பல்லடம், ஆண்டிபட்டி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்தொழில், இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டிவிட்டது.

இப்போது இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கிறது. 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் சிறு காற்றாலைகளின் ஆயுள் முடிந்துவருகிறது. அவற்றைப் புதுப்பிக்கவும், எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுவவும் தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கையை வெளியிட்டது. புதியவை ஒவ்வொன்றும் 2, 3 மெகாவாட் திறன் கொண்டவை. அவற்றுக்கு அதிக இடமும் அகலமான பாதையும் வேண்டும். எனவே நிலம் கேட்டு இடைத்தரகர்கள் உங்கள் ஊருக்கும் வரலாம். காற்றாலையால் நாட்டுக்கு நன்மை உண்டு. அந்த நன்மையில் உங்கள் பங்கு எவ்வளவு, பாதிப்பில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போடும் பத்திரமே முடிவு செய்கிறது.

நன்மைகள் என்ன?

முதல் நன்மை தண்ணீர். அனல் மின்நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவிடக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015-ல் வரம்பு விதித்தது. காற்றாலை மின்சாரத்துக்கு ஏறக்குறையத் தண்ணீரே தேவையில்லை. 2 மெகாவாட் காற்றாலை ஒன்று தன் முழுத் திறனில் சராசரியாக 25 சதவீதம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 43.8 லட்சம் யூனிட் கிடைக்கும். அதே மின்சாரத்தை அனலில் எடுத்தால், அந்த வரம்பின்படி பார்த்தாலும் ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் வரை செலவாகும். நிலக்கரிப் புகையும் சாம்பலும் இல்லை என்பது அடுத்த நன்மை.

மூன்றாவது, நிலம் முழுவதும் வீணாவதில்லை. ஒரு காற்றாலைக்கும் அடுத்ததற்கும் இடையே இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். விட்டம் 100 மீட்டர் என்றால் இடைவெளி 500 முதல் 700 மீட்டர். கோபுரத்தின் அடித்தளம், கிரேன் நிற்கும் மேடை, பாதை ஆகியவை போக மற்ற இடத்தில் சோளம், கம்பு, மக்காச்சோளம், கொள்ளு விதைக்கலாம். ஆடு மாடும் மேயலாம். சூரிய மின்சக்திப் பண்ணைக்கு நிலம் கொடுத்தால் இந்த வசதி பெரும்பாலும் இல்லை.

நான்காவது, குத்தகைக்கு விட்டால் மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு வருமானம் வரும். மானாவாரி விவசாயிக்கு இது பெரிய துணை.

பாதிப்புகள் என்ன?

காற்று ஆண்டு முழுவதும் ஒரே சீராக வீசாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் ஆடியில் மின்கம்பிகள் தாங்காத அளவுக்கு உற்பத்தி பெருகிச் சில காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்கிறது. தை, மாசியில் பல காற்றாலைகள் சும்மா நிற்கின்றன. "மின் உற்பத்தியில் பங்கு தருகிறோம்" என்று யாராவது சொன்னால் இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வையுங்கள்.

நிலத்துக்கு வரும் பாதிப்பு பெரும்பாலும் கட்டுமானக் காலத்தில்தான் வருகிறது. பெரிய காற்றாலையின் அடித்தளத்துக்குப் பல நூறு கன மீட்டர் கான்கிரீட் கொட்டுகிறார்கள். இறக்கை ஏற்றிய நீண்ட லாரிகளும் கனத்த கிரேன்களும் வந்துபோகப் பாதையை மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அந்தப் பாதை ஓடையையோ மழைநீர் வடியும் தாழ்வையோ குறுக்கே மறித்தால், மேல்புறக் காட்டில் தண்ணீர் தேங்கும். கீழ்புறக் குளத்துக்கு வரத்து நிற்கும். நிலம் கொடுக்காத விவசாயியும் இதனால் பாதிக்கப்படுவார்.

இறக்கை சுழலும் ஓசை அருகில் குடியிருப்போருக்கு இரவில் தொல்லை தரும். காலை, மாலை வெயிலில் இறக்கையின் நிழல் வீட்டின் மேல் விட்டுவிட்டு விழும். பறவைகளும், பூச்சிகளைத் தின்று பயிருக்கு உதவும் வௌவால்களும் அடிபடுகின்றன. வேலைவாய்ப்பும் கட்டுமானம் நடக்கும் வரைதான் அதிகம். பிறகு சில தொழில்நுட்பப் பணியாளர்களும் காவலாளிகளும் போதும். விற்ற நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் அந்தப் பிழைப்பு திரும்ப வருவதில்லை.

மழையை விரட்டுகிறதா?

"காற்றாலை வந்த பிறகுதான் மழை குறைந்தது" என்று பல ஊர்களில் சொல்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இன்றைய பெரிய காற்றாலையின் இறக்கை நுனிகூட ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மழை மேகங்கள் பொதுவாக அதற்கு மேலே உருவாகிப் பல கிலோமீட்டர் உயரம் வரை வளர்கின்றன. உடுமலை, பல்லடம், கயத்தாறு பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் காற்றாலைக்கு முன்பிருந்தே குறைந்த மழை பெறுபவை.

சிறு மாற்றம் ஒன்று உண்மை. சுழலும் இறக்கை மேல்காற்றையும் கீழ்காற்றையும் கலக்கிவிடுவதால், இரவில் காற்றாலைகளைச் சுற்றி நிலத்தின் மேற்பரப்பு சற்றுச் சூடாகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2003 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் இதை வைத்து மழை குறையும் என்று சொல்ல முடியாது.

விற்பதா, குத்தகையா?

தமிழகத்தில் காற்றாலை நிலங்கள் பெரும்பாலும் கிரையமாகவே கைமாறின. அவசரப் பணத்தேவை இருந்தால் விற்பது தவறில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன 2 மெகாவாட் காற்றாலையின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வரவு சுமார் 1 கோடியே 31 லட்சம் ரூபாய். இதில் வங்கிக் கடன், பராமரிப்பு எல்லாம் போக வேண்டும்; காற்றாலை நிறுவ ஒரு மெகாவாட்டுக்குப் பல கோடி ரூபாய் முதலீடும் ஆகிறது. இருந்தாலும், வரவில் ஒரு சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 1.31 லட்சம் ரூபாய் என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. அந்தக் காற்றாலை 20, 25 ஆண்டுகள் ஓடும்.

குத்தகை என்றால் ஆண்டுதோறும் தொகை உயர வேண்டும். ஆண்டுக்கு 1 லட்சம் என்று எழுதி 5 சதவீத உயர்வு சேர்த்தால் 15 ஆண்டில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டும். உயர்வு இல்லாமல் எழுதினால் விலைவாசி அந்தத் தொகையைத் தின்றுவிடும். குறைந்தபட்ச நிலையான தொகை, அதற்கு மேல் உற்பத்தியில் சிறு பங்கு என்று கேட்டுப் பாருங்கள். காற்று குறைந்த ஆண்டில் நிலையான தொகை காப்பாற்றும்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

1. உங்களிடம் வருபவர் நிறுவனமா, தரகரா என்று கேளுங்கள். தரகர் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். முன்பணம் வாங்கும் கிரைய உடன்படிக்கையில் மீதித் தொகைக்கான கெடு கட்டாயம் இருக்க வேண்டும்.

2. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதுவது போதாது. கூட்டுப் பட்டா என்றால் சகோதரிகள் உட்பட எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து முடிவெடுங்கள்.

3. எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், எத்தனை சென்ட் என்பதைப் புலப்பட நகலில் குறித்துப் பத்திரத்தோடு இணையுங்கள். நடுக்காட்டைக் கொடுத்துவிட்டு மிச்ச நிலம் இரண்டு துண்டாகிவிடக் கூடாது. கிணற்றுக்கும் மீதி நிலத்துக்கும் வண்டிப்பாதைப் பாத்தியம் எழுத்தில் இருக்கட்டும்.

4. பூமிக்கடியில் கேபிள் போகும் தடம், ஆழம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். உழவுக்கும் சொட்டுநீர்க் குழாய் பதிக்கவும் அது தேவைப்படும். தென்னை போன்ற உயரமான மரம் வைக்கக் கூடாது, ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதற்கும் ஈடு கேளுங்கள்.

5. நிறுவனம் தன் குத்தகை உரிமையை வைத்து வங்கிக் கடன் வாங்கலாம். உங்கள் நிலத்தையே அடமானம் வைக்க அனுமதிக்கும் வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். காற்றாலை வேறு நிறுவனத்துக்குக் கைமாறினாலும் எல்லா நிபந்தனைகளும் புதியவரைக் கட்டுப்படுத்தும் என்று எழுதுங்கள்.

6. கடைசி நாளை முதல் நாளே எழுதுங்கள். ஆயுள் முடிந்ததும் கோபுரத்தையும் இறக்கையையும் யார் அகற்றுவது, அடித்தளத்தை எவ்வளவு ஆழம் வரை பெயர்ப்பது, அந்தச் செலவுக்கு வைப்புத்தொகை எவ்வளவு என்பவை தெளிவாக இருக்க வேண்டும். இறக்கை கண்ணாடி இழையால் ஆனது. இரும்பைப்போல் பழைய விலைக்குப் போகாது, காட்டிலேயே கிடக்கும்.

தூரமும் மின்கம்பியும்

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதலின்படி, குடியிருப்புகளிலிருந்து காற்றாலை குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொதுச்சாலை, கட்டடம், உயர் அழுத்த மின்பாதை ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தூரம்: கோபுர உயரம், அதோடு இறக்கை வட்ட விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். கோபுரம் 120 மீட்டர், விட்டம் 120 மீட்டர் என்றால் 185 மீட்டர். பக்கத்துக் காட்டில் காற்றாலை வந்தாலும் இந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

மின்கோபுரத்துக்கான ஈட்டுத்தொகை தனிக் கணக்கு. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்றிருந்த ஈட்டை 200 சதவீதமாக உயர்த்தும் வழிகாட்டுதலை மத்திய மின்துறை அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்டது. இது 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய மின்பாதைகளுக்கானது. காற்றாலையிலிருந்து துணை மின்நிலையம் வரை வரும் 33 கிலோவோல்ட் போன்ற சிறிய பாதைகள் இதில் அடங்காது. எனவே கம்பம் நடும் முன்பே தொகையைப் பேசி எழுதி வாங்குங்கள்.

இறுகிய மண்ணுக்கு வைத்தியம்

கிரேனும் லாரியும் ஓடிய இடத்தில் மண் கல்லாக இறுகிவிடும். வேரும் மழைநீரும் இறங்காது. வேலை முடிந்ததும் கோடையில் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுங்கள். முதல் மழைக்குக் கொள்ளு அல்லது சணப்பு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதால் மண் மெல்ல உயிர்பெறும். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும் என்பதையும், உழவு, உரச் செலவு நிறுவனத்துடையது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது?

ஓடை, குளத்து வரத்து, பொதுப்பாதை மறிக்கப்பட்டால் வேலை நடக்கும்போதே படம் எடுத்துத் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். பாதைக்கு அடியில் குழாய்ப்பாலம் அமைப்பது கட்டுமானத்தின்போது சிறு செலவு. பிறகு கேட்டால் பெரும்பாடு. பத்திர நகலைப் படித்துச் சொல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தகுதி உள்ளவர்களுக்கு அங்கு இலவச உதவி கிடைக்கும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் காற்றாலைக்கு அளவை வேலை நடப்பது தெரிந்தால், நீர் வடியும் தடங்களைக் கிராம வரைபடத்தில் குறித்து விவசாயிகளிடம் கொடுங்கள். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர்கள் நிறுவனத்தோடு தைரியமாகப் பேச முடியும்.

நிலம் கேட்டு வருபவர் அன்றே கையெழுத்துக் கேட்டால், நகலை வாங்கி வைத்துக்கொண்டு பதினைந்து நாள் அவகாசம் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூட்டிப் பேசுங்கள். நான்கு பேர் ஒரே நிபந்தனையைக் கேட்டால் நிறுவனம் இறங்கி வரும். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு விலைதான் கிடைக்கும்.