மறைத்தால் குற்றம்
நோயாளியின் பக்கம் – 11

மருத்துவமனைக்கு உரிமம் கொடுப்பது யார், ஆய்வுக்கு வருவது யார், வந்தவர்கள் எந்தெந்தப் பதிவேடுகளைப் புரட்டுவார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். பதிவேடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டால் உள்ளே படுத்திருக்கும் நோயாளி பத்திரமாக இருக்கிறார் என்று நம்பலாமா? நம்பக்கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டாஃபோர்டு, பர்மிங்காமுக்கு வடக்கே உள்ள நகரம். அங்குள்ள அரசு மருத்துவமனையை மிட் ஸ்டாஃபோர்டுஷயர் டிரஸ்ட் நடத்திவந்தது. தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் கீழ் மக்களின் வரிப்பணத்தில் இயங்கிய அமைப்பு அது. 2008 பிப்ரவரியில் இந்த டிரஸ்டுக்கு ‘ஃபவுண்டேஷன்’ என்ற உயர்தகுதி கிடைத்தது. வரவு செலவும் நிர்வாகமும் சீராக இருப்பதாக அரசின் கண்காணிப்பு அமைப்பு சோதித்துப் பார்த்துத் தரும் தன்னாட்சித் தகுதி அது. அது கிடைத்த காலத்தில் அதே கட்டடத்துக்குள் முதியவர்கள் ஈரப் படுக்கையில் மணிக்கணக்கில் கிடந்தார்கள். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர்க் குவளையும் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டு, அப்படியே திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதை, மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பு ஊழியர்கள் முடிவு செய்தார்கள்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 2006-07 நிதியாண்டில் 1 கோடி பவுண்டு மிச்சம்பிடிக்க நிர்வாகம் இலக்கு வைத்தது. ஏற்கெனவே ஆள் போதாத மருத்துவமனையில் மேலும் ஆட்களைக் குறைத்தார்கள்.

அவசரப் பிரிவுக்கு இன்னோர் இலக்கும் இருந்தது. வந்த நோயாளியை 4 மணி நேரத்துக்குள் பார்த்து, வீட்டுக்கு அனுப்பவோ வார்டில் சேர்க்கவோ வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். ஆனால் ஸ்டாஃபோர்டில் அந்தக் கெடு தவறினால் செவிலியர்களுக்குத் திட்டு விழுந்தது. அதனால் நேரத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். நோயாளி இன்னும் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். ஏட்டில் அவர் கெடுவுக்குள் அனுப்பப்பட்டிருப்பார். இதைத் துணிந்து எழுத்தில் புகார் செய்தவர் அங்கே பணிபுரிந்த செவிலியர் ஹெலீன் டோனலி. அதற்காக உடன் வேலை செய்தவர்களே அவரை மிரட்டினார்கள். இருட்டியபின் கார் நிறுத்துமிடம் வரை தனியே நடக்கப் பயந்து, வீட்டாரை வரச் சொல்லி அவர்களோடு போனதாக அவர் பின்னர் சாட்சியம் அளித்தார்.

2007-இல் வெளியான புள்ளிவிவரம், ஸ்டாஃபோர்டில் இறப்பு விகிதம் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் என்று காட்டியது. நிர்வாகம் வார்டுகளுக்குப் போய்ப் பார்க்கவில்லை. நோய்க் குறியீடுகளைப் பதிவு செய்வதில் நடந்த பிழையாக இருக்கும் என்று சொல்லி, பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இறங்கியது.

இந்த மருத்துவமனையைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது ஓர் இளைஞனின் மரணம். வயது 20. 2006 ஏப்ரலில் மலைச் சைக்கிள் ஓட்டும்போது விழுந்து அடிபட்டு, ஸ்டாஃபோர்டு அவசரப் பிரிவுக்கு வந்தான். விலா எலும்பில் ஊமைக்காயம் என்று சொல்லி, வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. 24 மணி நேரத்துக்குள் இறந்துபோனான். மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவரே இதை ஆராய்ந்து, சிகிச்சையில் குறை இருந்தது, இந்த மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்ற பொருள்பட அறிக்கை எழுதினார். நேர்மையான மனிதர். அந்த அறிக்கை மருத்துவமனையின் சட்டப் பிரிவுக்குப் போனது. மரண விசாரணையில் அறிக்கை வாசிக்கப்படும், குடும்பத்தாரும் பத்திரிகையாளர்களும் இருப்பார்கள், எனவே நிர்வாகத்தின் குறைகளை அழுத்திச் சொல்ல வேண்டாம் என்று சட்டப் பிரிவிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. குடும்பத்துக்கு மேலும் மனவேதனை வரக்கூடாது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் அந்த அறிக்கை மரண விசாரணை அதிகாரிக்கு அனுப்பப்படவே இல்லை. அப்படி ஒன்று இருந்ததே பெற்றோருக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது.

ஒரு மருத்துவமனையின் சட்டப் பிரிவு எதற்காக இருக்கிறது? நிர்வாகத்தை வழக்கிலிருந்தும் வசவிலிருந்தும் காப்பாற்றத்தான் என்று ஸ்டாஃபோர்டில் நினைத்தார்கள். இன்றும் பல மருத்துவமனைகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வேதனையைக் காரணம் காட்டி, அவன் எப்படி இறந்தான் என்பதை அவர்களிடமிருந்தே மறைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தச் சுவரை உடைத்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். ஜூலி பெய்லி என்பவர் ஸ்டாஃபோர்டில் சிறிய சிற்றுண்டிக் கடை நடத்திவந்தார். 2007-இல் தாயை அந்த மருத்துவமனையில் சேர்த்தார். அங்கு கண்டதைப் பார்த்துத் தாயைத் தனியே விட மனம் வராமல், 8 வாரம் படுக்கையருகே நாற்காலியிலேயே இரவுகளைக் கழித்தார். தாய் இறந்தபின் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார். அவரைப் போலவே பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கடைச் சுவரில் இறந்தவர்களின் படங்கள் ஏறின. ‘க்யூர் தி என்.எச்.எஸ்.’ என்ற இயக்கம் அந்தக் கடையில்தான் பிறந்தது. அதற்காக அவர் பட்ட பாடும் கொஞ்சம் அல்ல. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூட வைக்கப் பார்க்கிறாள் என்று ஏசினார்கள்; தாயின் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள். அவர் ஊரை விட்டே போக வேண்டிவந்தது.

2009 மார்ச்சில் சுகாதாரக் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதன்பின் வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் இரண்டு விசாரணைகள். இரண்டாவதன் அறிக்கை 2013 பிப்ரவரி 6 அன்று வெளியானது. 1,700-க்கும் மேற்பட்ட பக்கங்கள், 290 பரிந்துரைகள். பிரதமர் டேவிட் கேமரன் அன்றே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த 290-இல் முக்கியமானது, உண்மையைச் சொல்வதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பது. 2014 நவம்பரில் என்.எச்.எஸ். அமைப்புகளுக்கும் 2015 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைகள் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் இது விதியானது. சிகிச்சையில் எதிர்பாராத தவறு நேர்ந்து நோயாளிக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தீங்கு வந்தாலோ, அவர் இறந்தாலோ, மருத்துவமனையே முன்வந்து அவரிடமோ குடும்பத்திடமோ சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. நேரில் சொல்ல வேண்டும், தெரிந்தது அனைத்தையும் சொல்ல வேண்டும், இனி என்ன விசாரிக்கப்போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அதையெல்லாம் எழுத்திலும் தர வேண்டும்.

மன்னிப்புக் கேட்டால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று மருத்துவர்கள் பயப்படுவது நியாயம்தான். அங்கே 2006-லேயே ஒரு சட்டம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது: மன்னிப்பு மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது. அந்தப் பயத்தை நீக்கியபின், உண்மையைச் சொல்லும் பொறுப்பு டோனலி போன்ற தனி ஒருவரின் துணிச்சலை நம்பி நிற்க வேண்டியதில்லை. அது மொத்த நிறுவனத்தின் பொறுப்பாகிறது. 2014-இல் வந்த விதியின் பெரிய சாதனை இதுதான் என்பேன்.

குறையும் உண்டு. தண்டனை சொற்பம். பிளிமத் நகரின் அரசு மருத்துவமனையில் 2017-இல் எண்டோஸ்கோபி செய்துகொண்ட 91 வயது மூதாட்டி இறந்தார். நடந்ததைக் குடும்பத்திடம் உரிய நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை என்று வழக்கு வந்தது. இந்த விதியின் கீழ் நீதிமன்றம் வரை போன முதல் வழக்கு அது. நிர்வாகம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020 செப்டம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 1,600 பவுண்டு. செலவுத்தொகையும் சேர்த்தால் 12,565 பவுண்டு. கோடிக்கணக்கில் புழங்கும் அமைப்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சட்டத்துக்குப் பல் போதாது.

நம் நாட்டில், தவறு நடந்தால் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்று மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தனியாக இல்லை. வர வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவேடுகளை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுப்பது ஒழுங்கீனம், மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முழுப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்த கடிதத்துக்குத் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையை மறக்காமல் வாங்குங்கள்.

(தொடரும்)